சாகாத வேஷம்

சாவதற்கு முதலில் நல்ல இடம் பிடிக்க வேண்டும். குதிரைகள் எந்தப் பக்கம் திரும்பும், கதாநாயகன் எங்கே வந்து நின்று வசனம் பேசுவான் என்பதைப் பார்த்து வைத்துக்கொண்டு, குளம்பு படாத தூரத்தில் சுவரோரமாக விழ வேண்டும். முகம் கேமராவுக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால், அதே போரில் மத்தியானத்துக்கு மேல் எதிர்ப்படை வீரனாக இன்னொரு தடவை சாக முடியாது. தோள் அசையாமல், கவசத்துக்கு அடியில் வயிற்றால் மட்டும் மூச்சு விட வேண்டும். குளிர்காலம் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. செத்தவன் வாயிலிருந்து புகை வந்தால் பார்க்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள். அதனால் கேமரா ஓடுவதற்குக் கொஞ்சம் முன்னால் வாயில் ஒரு பனிக்கட்டித் துண்டை அடக்கிக்கொள்ள வேண்டும். வாயிலிருந்து வரும் காற்றும் வெளிக்காற்றும் ஏறக்குறைய ஒரே குளிர்ச்சிக்கு வந்துவிட்டால் மூச்சு கண்ணுக்குத் தெரியாது. பல் கூசும். ஒரு நிமிடம் தாங்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் எந்தப் பிணத்தையும் யாரும் காட்டுவதில்லை.

கெங் ஷோதியனுக்கு இதெல்லாம் உடம்போடு ஒட்டிப்போன பழக்கம். ஹெங்தியன் படப்பிடிப்பு நகரத்துக்கு வந்த பதினான்கு வருடங்களில் நானூறு தடவைக்கு மேல் செத்திருக்கிறான். சின் காலத்தில் அம்பு பட்டு, தாங் காலத்தில் விஷம் குடித்து, மிங் காலத்தில் தலை வெட்டப்பட்டு. அரண்மனைகள் எல்லாம் ஒரே ஊரில், பேருந்தில் கால்மணி நேரத் தூரத்தில் இருப்பதால், ஒரே நாளில் இரண்டு வம்சங்களில் செத்த நாட்களும் உண்டு.

ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சிவப்பு உறை கொடுப்பார்கள். சம்பளத்தில் சேராது. உள்ளே இருப்பது ஒரு வேளை நூடுல்ஸுக்கு ஆகும், அவ்வளவுதான். ஆனால் எழுந்து தூசி தட்டியதும் அதைக் கையில் வாங்க வேண்டும், அன்றைக்கே செலவழித்துவிட வேண்டும். அப்போதுதான் நடித்த சாவு நடிப்போடு கழியும், வீட்டுக்குக் கூட வராது. நம்புகிறாயா என்று கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள். உறை வராவிட்டால் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

எட்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு தொடரில் ஷோதியனை ஒரு நாள் முழுக்கச் சவப்பெட்டியில் படுக்க வைத்தார்கள். அன்றைக்கு உறைகள் தீர்ந்துவிட்டன. நாளைக்குத் தருகிறேன் என்றார் நிர்வாகி. மறுநாள் வேறு குழுவுக்கு வேலைக்குப் போய்விட்டதால் அவனும் கேட்கவில்லை. அந்த மாதம் ஊரில் அவனுடைய அம்மா போய்விட்டாள்.

அப்பா கேட்டது ஒரே கேள்விதான். ஹெனான் மாகாணத்தில் அவர்கள் ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், பிணத்தைக் குளிப்பாட்டித் துணி உடுத்த அவரைத்தான் கூப்பிடுவார்கள். நாற்பது வருடமாக அந்தக் காரியம் செய்தவர். சாவில் எது செய்ய வேண்டும், எது செய்யக் கூடாது என்று அவருக்குத் தெரியாதது கிடையாது. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து கை கழுவும்போது கேட்டார்.

"கடைசியாச் செத்தியே, அதுக்கு உறை வாங்குனியா?"

ஷோதியன் பொய் சொல்லியிருக்கலாம். "இல்லப்பா" என்றான். அதன்பிறகு அவர் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வருடப் பிறப்புக்கு வீட்டுக்குப் போனால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். இரண்டு வருடங்களுக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது. அப்போது கூடத் தண்ணீர் வேண்டுமென்றால் தங்கை சியாமானைத்தான் கூப்பிடுவார், பக்கத்தில் அவன் நின்றாலும்.

ஒரே ஒரு தடவை, போன இலையுதிர் காலத்தில், சியாமான் மூலமாக ஒரு சேதி வந்தது.

"அண்ணா, அப்பா ஒண்ணு சொன்னார். 'சாகாத வேஷம் ஒண்ணு கெடச்சா சொல்லச் சொல்லு, பாக்கறேன்'னார். நான் எதுவும் கேக்கல. அவரா சொன்னது."

அதற்கு அடுத்த மாதமே அந்த வேஷம் கிடைத்தது. அதைக் கொண்டுவந்தவர் லாவ் பியான். துணை நடிகர்களைப் பிடித்துக் கொடுக்கும் நிர்வாகி, அன்றைக்கு நாளைக்குத் தருகிறேன் என்றவரும் அவர்தான். குண்டான மனிதர், எந்நேரமும் கையில் ஒலிபெருக்கி.

"ஏய் பொணம்! ஹான் காலத்துக் கதை ஒண்ணு போய்க்கிட்டிருக்கு. வெள்ளம், அணை, மாமன்னர், அழகான ராணி ரெண்டு. அதுல மாகாணத்துலேர்ந்து ஓடிவர்ற ஒரு கிழட்டு அதிகாரி. வரவேண்டிய ஆளுக்கு அம்மை. ஒரு வசனம் இருக்கு. பேசுவியா, இல்ல நாக்கும் செத்துப்போச்சா?"

"அண்ணே, ஆள் சாகறானா?"

"சாகல."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும் அவனப்பத்திப் பேச்சே இல்ல. ஒரே சீன். வரான், சொல்றான், போறான். சாகறதுக்கு வேற உனக்கு நேரம் தரணுமா?"

ஷோதியன் அன்றைக்கே சியாமானுக்குத் தொலைபேசியில் சொன்னான். பதினேழாவது பகுதி. மழையில் நனைந்து வருகிற அதிகாரி. வசனம்: "மாமன்னரே, கரை இன்னும் உடையவில்லை." நான் சாகவில்லை. இதை மூன்று தடவை சொன்னான்.

படப்பிடிப்பு நாளில் அவன் முதலில் கவனித்தது விருந்து மேசையைத்தான். மாமன்னரின் இருக்கைக்கு முன்னால் தட்டில் மக்காச்சோளக் கதிர்கள் மஞ்சளாக மின்னின. சீனாவுக்கு மக்காச்சோளம் வந்துசேர அந்த மாமன்னர் செத்து ஆயிரத்தைந்நூறு வருடமாவது ஆக வேண்டும்.

"கலரு நல்லா இருக்குன்னு டைரக்டர் வெக்கச் சொன்னார்," என்றார் லாவ் பியான். "ஜனங்க கதிரையா பாக்கப்போறாங்க? ராணியப் பாப்பாங்க. போ, துணி மாத்து."

உடை கொடுத்த பெண் புதியவள். காலையிலிருந்து அறுபது பேருக்கு உடுத்திக் களைத்துப்போயிருந்தாள். நீண்ட அங்கியை அவன் தோளில் போட்டு, இடது மடிப்பை உள்ளே வைத்து, வலதை மேலே கொண்டுவந்தாள்.

"தப்பும்மா," என்றான் ஷோதியன்.

அந்தக் காலத்து அங்கிக்குப் பொத்தான் கிடையாது. இரண்டு மடிப்பும் மார்பின் குறுக்கே வந்து நாடாவால் கட்டப்படும். வலது மடிப்பு உடம்போடு ஒட்டி உள்ளே போக வேண்டும். இடது மடிப்பு அதன் மேல் வந்து வலது அக்குளுக்குக் கீழே முடிய வேண்டும். உயிரோடு இருக்கிறவனுக்கு அப்படி. செத்தவனுக்கு இதையே திருப்பிக் கட்டுவார்கள். அவன் போவது வேறு உலகம் என்பதற்கு அது அடையாளம். முடிச்சிலும் வித்தியாசம் உண்டு. உயிரோடு இருப்பவன் படுக்கப் போகும்போது அவிழ்க்க வேண்டும் என்பதால் ஓர் இழுப்பில் அவிழும் சுருக்கு. செத்தவன் அவிழ்க்கப் போவதில்லை. அவனுக்கு நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, இறுக்கிப்போடுகிற முடிச்சு.

ஷோதியன் அங்கியைத் தானே பிரித்துச் சரியாக உடுத்திக்கொண்டான். லாவ் பியான் வாசலில் நின்று கத்தினார்.

"என்னய்யா, கல்யாணத்துக்குப் போறியா? மக்காச்சோளத்துக்கு முன்னாடி நிக்கிறவன் சட்டை எந்தப் பக்கம்னு யாரு பாக்கப்போறா?"

"எங்கப்பா பாப்பார்."

"உங்கப்பா என்ன பெரிய பேராசிரியரா?"

"அவருக்கு வேற எதுவும் கண்ணுல படாதுண்ணே. இது மட்டும்தான் படும்."

மழை என்பது தீயணைப்புக் குழாய்த் தண்ணீர். வெளியே உறையும் குளிர். ஷோதியன் வாசலில் நனைந்து, படி ஏறி, மண்டியிட்டு, அரசவைக்கு அதிகாரிகள் ஏந்திவரும் தந்தப்பலகையை நெற்றிக்கு நேராக உயர்த்தி வசனம் சொல்ல வேண்டும். முதல் தடவை பலகையை உயர்த்தியதும் ஈர நாடா வழுக்கி அவிழ்ந்து, அங்கி திறந்து, உள்ளே போட்டிருந்த கம்பளிப் பனியன் தெரிந்தது. குழுவே சிரித்தது. இரண்டாம் தடவையும் அவிழ்ந்தது. பட்டு என்று பெயர்தானே தவிர நாடா நைலான். நனைந்தால் சுருக்கு நிற்காது. மூன்றாவது தடவை இயக்குநர், "அந்தக் கெழவன் சட்டையப் புடிச்சுக் கட்டித் தொலைங்கய்யா!" என்று கத்தினார். உடைக்காரப் பெண் ஓடிவருவதற்குள் ஷோதியன் தானே கட்டிக்கொண்டான். விரல்கள் மரத்திருந்தன. இரண்டு சுற்று, நுனி உள்ளே, ஒரு இறுக்கு. கை தானாகச் செய்தது. சின்ன வயதில் எத்தனை வீடுகளில் அப்பா பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்று அதைப் பார்த்திருக்கிறான்! என்ன முடிச்சு போட்டோம் என்று அப்போது அவனுக்குத் தோன்றவே இல்லை. நாடா நின்றது. அவனுக்கு அதுதான் முக்கியமாக இருந்தது.

"மாமன்னரே, கரை இன்னும் உடையவில்லை."

இயக்குநர் ஓகே சொன்னார். மக்காச்சோளத்துக்குப் பின்னால் மாமன்னர் இல்லை. அவராக நடிக்கிறவர் வேறொரு படத்துக்குப் போயிருந்தார். ஒரு மூங்கில் கம்பின் உச்சியில் ஒட்டிய மஞ்சள் காகிதத்தைப் பார்த்துத்தான் ஷோதியன் பேசினான். நான்கு நாள் கழித்து மாமன்னர் வந்து, வேறொரு மஞ்சள் காகிதத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

பதினேழாவது பகுதி மாலையில் வெளியானது. ஷோதியன் வேலை முடிந்து இரவு வெகுநேரம் கழித்துத்தான் அறையில் தனியாக உட்கார்ந்து பார்த்தான். அவன் முகம் திரையில் வந்தது. ஏதோ சரியில்லை என்று பட்டது. தாடையில் இருக்கிற மரு இடம் மாறியிருந்தது. பிறகு அங்கியைப் பார்த்தான். வலது மடிப்பு மேலே. நாடா இடது அக்குளுக்குக் கீழே. பலகையை உயர்த்தியதும் முடிச்சு பெரிதாக, தெளிவாகத் தெரிந்தது. இரண்டு சுற்று, நுனி உள்ளே.

தொலைபேசி அடித்தது.

"அண்ணா," என்றாள் சியாமான். "நீ உயிரோடதானே இருக்க?"

"என்னடி கேள்வி இது?"

"அப்பா பாத்தார். ஒரு வாரமா எண்ணிக்கிட்டிருந்தார்ண்ணா, இன்னிக்கு பதினஞ்சு, இன்னிக்கு பதினாறுன்னு. நீ வந்ததும் எழுந்து ஒக்காந்தார். அப்புறம் கையால திரையக் காட்டி, 'அவனுக்குக் கட்டிட்டாங்க'ன்னார். நடிப்புப்பா, அது நடிப்புப்பான்னேன். 'நடிப்புல எவன் இவ்ளோ சுத்தமா கட்டுவான்? நடிப்புன்னா கன்னாபின்னான்னு இருக்கும். இது தெரிஞ்சவன் கட்டுன கட்டு. பக்கம் சரியா இருக்கு, முடிச்சு சரியா இருக்கு. என் மகன் செத்துட்டான், எனக்குச் சொல்லாம மறைக்கறீங்க'ங்கறார்."

"போனக் குடு. நான் பேசறேன்."

"குடுத்துப் பாத்தேன். கையில வாங்கல. வாய் ஒரு பக்கமா கோணுது. டாக்டர் வந்துட்டுப் போனார், மறுபடியும் லேசா வந்திருக்குங்கறார். அவருக்கு இப்ப அந்த ஒரே நெனப்புதான். செத்தவங்களுக்கு ஒட்டற மாதிரி ஒம்பேரக் காயிதத்துல எழுதிச் செவத்துல ஒட்டச் சொல்றார். ஏழாம் நாளக் கணக்குப் பண்றார்."

மறுநாள் காலையில் ஷோதியன் படத்தொகுப்பு அறைக்குப் போனான். விடுதியின் இரண்டாம் மாடியில் கட்டிலை எடுத்துவிட்டுக் கணினிகள் வைத்திருந்தார்கள். தொகுப்பாளர் மோ லிங் முப்பது வயதுப் பெண், கண்ணுக்குக் கீழே கருவளையம். அவள் அவனை உட்காரவைத்துத் திரையில் காட்டினாள்.

"பாருங்கண்ணே. நீங்க கம்பப் பாத்துப் பேசறப்போ திரையில எடப்பக்கமாப் பாக்கறீங்க. ராஜா வந்து பேசறப்போ அவரும் எடப்பக்கமாப் பாக்கறார். ரெண்டையும் அடுத்தடுத்து வெச்சா எப்படி இருக்கு? ரெண்டு பேரும் வெளிய நிக்கிற மூணாவது ஆளப் பாக்கற மாதிரி இல்ல?"

இருந்தது.

"எதிரெதிரா நின்னு பேசறாங்கன்னு ஜனங்க நம்பணும்னா ஒருத்தர் இந்தப் பக்கம், ஒருத்தர் அந்தப் பக்கம் பாக்கணும். கேமராவ மாத்தி வெச்சு எடுத்துட்டாங்க. ராஜாவ மறுபடி கூப்பிட முடியுமா? அதான் உங்களக் கண்ணாடியில பாக்கற மாதிரி இப்படியே திருப்பிட்டேன். ஒரு பொத்தான்தான். திருப்பறதுக்கு முன்னாடி நாங்க ஒண்ணே ஒண்ணுதான் பாப்போம், படத்துல எழுத்து இருக்கான்னு. எழுத்து திரும்பினா மாட்டிக்குவோம். உங்க சீன்ல எழுத்து இல்ல."

"சட்டை இருந்துச்சேம்மா."

மோ லிங் திரையில் அங்கியை உற்றுப் பார்த்தாள். "அது எனக்குத் தோணல," என்றாள். "நம்பற மாதிரி இருக்கட்டும்னுதான் திருப்பினேன். சத்தியமா."

"திருப்பிப் போட்டுடேன். ஒரு பொத்தான்தானேன்னு சொன்ன. எங்கப்பா மறுபடியும் பாத்தா..."

அவள் கணினியில் கை வைத்தாள். அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு லாவ் பியான் உள்ளே வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"இங்கயா இருக்க? ஊரெல்லாம் தேடறேன். யோவ் பொணம், நீ பெரிய ஆளாயிட்ட!"

தொலைபேசியை நீட்டினார். இரவோடு இரவாக யாரோ அந்தச் சட்டையைக் கண்டுபிடித்திருந்தார்கள். முதலில் கிண்டல்: அதிகாரிக்குப் பிணச்சட்டை, இதுதான் இவர்களுக்குத் தெரிந்த சரித்திரம். பிறகு ஒருவர் எழுதியிருந்தார்: இது தப்பில்லை. இந்த அதிகாரி ஏற்கெனவே செத்தவர். கரை உடைந்துவிட்டது, அதில் அவர் மூழ்கிவிட்டார். அதனால்தான் நனைந்து வருகிறார், அதனால்தான் அவருக்குப் பிறகு அவரைப்பற்றிப் பேச்சே இல்லை. மாமன்னரிடம் பொய் சொல்லி ஆறுதல் தரப் பேயாக வந்திருக்கிறார். முடிச்சைப் பாருங்கள், பிணமுடிச்சு! அந்த ஒரு பதிவை லட்சக்கணக்கானோர் பகிர்ந்திருந்தார்கள். பலர் அழுததாக எழுதியிருந்தார்கள். மக்காச்சோளத்தைப்பற்றி ஒருவரும் எழுதவில்லை.

"கம்பெனி ஒரு மணி நேரம் முன்னாடி அறிக்கை விட்டுடுச்சு," என்றார் லாவ் பியான். "'கூர்மையான ரசிகர்களுக்கு நன்றி. ஆம், அவர் இறந்தவர்தான். இது எங்கள் குழு திட்டமிட்டுச் செய்த நுணுக்கம்.' அவ்வளவுதான். மோ லிங், அதத் தொட்டுடாத. திருப்பின, ஒன் வேல போச்சு."

மோ லிங் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே," என்றான் ஷோதியன். "சாகாத வேஷம்னு சொல்லித்தானே குடுத்தீங்க."

"நான் குடுக்கறப்போ சாகல. இப்ப ஜனங்களுக்கு நீ செத்தாதான் புடிக்குது, நான் என்ன பண்ண? உயிரோட இருந்தா நீ ஒரு தப்பு. செத்தா நீ ஒரு நுணுக்கம்." அவர் சட்டைப்பையில் கை விட்டு ஒரு சிவப்பு உறையை எடுத்து அவன் கையில் திணித்தார். "இந்தா. கம்பெனி நீ செத்ததா முடிவு பண்ணிடுச்சு, அதனால மொறைப்படி குடுக்கச் சொன்னாங்க. இந்தத் தடவ மறக்கல பாத்தியா?"

ஷோதியன் அன்றைக்கு அதைச் செலவழிக்கவில்லை. அப்பாவிடம் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டான். இந்தத் தடவை வாங்கிவிட்டேன்ப்பா, கழிந்துவிட்டது, நான் இங்கே உயிரோடு நிற்கிறேன். இதைச் சொல்லிக்காட்டினால் போதும் என்று தோன்றியது.

உடனே கிளம்ப முடியவில்லை. ஒப்புக்கொண்ட வேலைகள் இருந்தன. அவற்றுக்கு மாற்றாள் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஈவூவில் ரயில் ஏறி ஜெங்ஜோவில் இறங்கி, இரண்டு பேருந்து மாறி ஊர்போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். வயலில் கோதுமை விரல் உயரம், அதன்மேல் மெல்லிய வெயில். வாசலில் சியாமான் நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள்.

"கை சூடா இருக்கு," என்றாள், சிரிக்கவும் செய்தாள். உடனே சிரிப்பு போய்விட்டது. "அண்ணா, இன்னிக்கு எத்தனாம் நாள் தெரியுமா?"

அவன் ரயிலில் அதை எண்ணவில்லை. இப்போது எண்ணினான். செத்தவன் வீட்டைப் பார்க்க வருகிற ஏழாம் நாள்.

"காலையிலேர்ந்து கதவத் தெறந்து வெக்கச் சொல்லிக் காத்துக்கிட்டிருக்கார். ஒனக்குப் புடிச்ச வெங்காய வடையும் வெள்ளை ரொட்டியும் வெக்கச் சொல்லி... நீ போய்ச் சத்தமாப் பேசு. கையத் தொட்டுக் காட்டு. அந்த ஒறையக் காட்டு. புரியும். புரிய வெச்சாகணும்."

உள்ளே ஜன்னலோரம் அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். சுவரில் ஒட்டிய காகிதத்தில் அவன் பெயர் கோணல்மாணலாக இருந்தது. விழாத இடது கையால் எழுதியது. அதன் கீழே கிண்ணத்தில் வடை, தட்டில் நான்கு ரொட்டி. அடுப்பு அணைந்திருந்தது. ஆவிகளுக்கு நெருப்பு ஆகாது என்று அவரே அணைக்கச் சொல்லியிருக்க வேண்டும். அறைக்குள் வெளியைவிடக் குளிர். அவருடைய மூச்சு வெள்ளையாக எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் கலைந்தது.

அவர் அவனைப் பார்த்தார். எட்டு வருடத்தில் முதல் தடவையாக, சுவரைப் பார்க்காமல், அவனை.

"வந்துட்டியாடா," என்றார்.

ஷோதியனின் கை பையிலிருந்த சிவப்பு உறையில் இருந்தது. "அப்பா, நான்..." என்று ஆரம்பித்தான். வாயிலிருந்து புகை வந்தது.

அவர் அந்தப் புகையைப் பார்த்தார். அது மேலே எழுந்து கலையும்வரை பார்த்தார். முகத்தில் விரிந்திருந்த ஏதோ ஒன்று மெதுவாக மூடிக்கொண்டது. கண் இறுகியது. தலையணையில் தலை அசைந்தது, சுவர்ப்பக்கமாக. ஷோதியனுக்கு அந்த அசைவு தெரியும். எட்டு வருடமாக ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் பார்த்த அசைவு. அது முழுதாகத் திரும்பிவிட்டால் இனி திரும்பாது என்பதும் தெரியும்.

அவன் சட்டென்று வெளியே வந்தான். முற்றத்தில் தண்ணீர்த் தொட்டியின் மேல் பனி விரல் தடிமனுக்கு உறைந்திருந்தது. முழங்கையால் இடித்து உடைத்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"என்னண்ணா பண்ற?" என்றாள் சியாமான். "உள்ள போய் உண்மையச் சொல்லுன்னா..."

அவன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். ஜன்னல் வெயில் தரையில் விழுந்திருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, தன் நிழல் எங்கும் விழாத மூலையில் போய் நின்றான். தோள் அசையாமல் வயிற்றால் மூச்சை இழுத்தான்.

"வந்துட்டேன்ப்பா."

புகை வரவில்லை. அப்பாவின் தலை நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் வந்தது.

"அங்க குளுருதா?"

"குளுரலப்பா."

"யாருடா ஒனக்குக் கட்டுனது? நல்லாக் கட்டியிருந்தான்."

"தெரிஞ்ச ஒருத்தன்."

"அம்மாவப் பாத்தியா?"

பனிக்கட்டி நாக்கின் கீழே கரைந்துகொண்டிருந்தது. பல் வலித்தது. "பாத்தேன்," என்றான். "நல்லா இருக்காங்க."

அப்பா இடது கையைப் போர்வைக்கு மேல் எடுத்தார். "ஒரு உறைக்கும் அவ சாவுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாதுடா. எனக்கு அப்பவே தெரியும். நாப்பது வருஷம் பொணம் உடுத்தினவனுக்குத் தெரியாதா? யார்மேலயாவது கோவப்படணும்போல இருந்துச்சு. நீ நின்னுக்கிட்டிருந்த. உயிரோட இருந்தப்பவே சொல்லியிருக்கணும். நீ வருவ, நான் திரும்பிப் படுப்பேன். திரும்பிப் படுத்துக்கிட்டு, இன்னிக்குச் சொல்லிடணும், இன்னிக்குச் சொல்லிடணும்னு..."

பேச்சு நிற்பதாக இல்லை. எட்டு வருடத்துப் பேச்சு. ஒரு நிமிடம் எப்போதோ கடந்துவிட்டது. துண்டு கரைந்து தண்ணீராகித் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. ஷோதியன் உதடுகளை இறுக மூடி மூச்சை அடக்கிக்கொண்டான். மார்புக்குள் அனல் ஏறியது. சட்டைப்பைக்குள் உறை கசங்கியது.

அப்பா கேட்டார்: "ஏண்டா பேச மாட்டேங்கற? என்மேல கோவமா?"

ஷோதியன் முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி, கதவோரம் நின்ற தங்கைக்கு நேராக உள்ளங்கையை விரித்தான். அவள் முதலில் நகரவில்லை. அவள் அழுகிற சத்தம் கேட்டது. பிறகு காலடி முற்றத்துக்குப் போனது. தொட்டியில் அவள் கரண்டியால் பனியை உடைப்பது கேட்டது.